மாரிச்செல்வியின் காது

ஜூன் 9

மாவு பொங்கி பாத்திரத்தை விட்டு மேடையெல்லாம் வழிந்திருந்தது. வைது கொண்டே துடைத்தேன். யாரை வைதேன் என்று தெரியவில்லை, வீட்டில் நான் ஒருத்திதானே.

ஆய்வகத்துக்குப் போனால் நயினார் சார் வாசலிலேயே நிற்கிறார். "வந்துட்டியா இசக்கி? நீ வாரதுக்கு முன்னால ஒருத்தரையும் தொட விடல" என்றார். காது மூக்கு தொண்டை டாக்டர் அனுப்பிய புட்டி குளிர்பெட்டியில் இருந்தது. உள்ளே மாரிச்செல்வியின் குருத்தெலும்பு, அரிசிக் குருணை அளவுக்கு.

மாரிச்செல்வி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பிறக்கும்போதே வலது காது வளரவில்லை. அந்த இடத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு சதை மட்டும் இருக்கிறது. காதுகுத்தில் இடது காதை மட்டும் குத்தி, மாமன்காரர் இரண்டு கம்மலையும் தட்டில் வைத்துக் கொடுத்தாராம். அவள் அம்மா சண்முகத்தாய் போன மாதம் வந்தபோது சொன்னார். அந்தச் சதைக்குள் கிடந்த துளிக் குருத்தெலும்பிலிருந்து செல்களைப் பிரித்து, பெருக்கி, காது வடிவச் சாரத்தில் விதைத்து, முழுக் காதாக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்.

சாரம் என்றால் கட்டடத்துக்குக் கட்டுகிற அதே சாரந்தான். மூங்கிலுக்குப் பதில் கொலாஜன். அவளுடைய இடது காதை அளந்து, திருப்பிப் போட்டு அச்சில் வார்த்த பஞ்சு போன்ற ஒன்று. செல்கள் அதில் ஏறி உட்கார்ந்து தங்களுக்கு வேண்டிய குருத்தெலும்பைத் தாங்களே கட்டிக்கொள்ளும். அவை கட்டக் கட்ட சாரம் கரைந்துவிடும். கடைசியில் காது மட்டும் நிற்க வேண்டும்.

சார் அந்தக் குருத்தெலும்பை இரண்டாகப் பிரித்து, பாதியை எனக்கும் பாதியை எப்சிபாவுக்கும் கொடுக்கச் சொன்னார். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. இந்த ஆய்வகத்தில் எந்தப் புதுச் செல் வந்தாலும் முதலில் நான்தான் தொட்டுக் கொடுக்க வேண்டும். கைராசிக்காரி என்று பெயர். எப்சிபா நேற்று வந்த பிள்ளை. "எதுக்கு சார் ரெண்டு கை?" என்று கேட்டும் விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஜூன் 15

என் தட்டில் செல்கள் அடியில் ஒட்டி வளர ஆரம்பித்துவிட்டன. எப்சிபா தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. "மெதுவாத்தான் வருதுக்கா" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 20

சோதனைமேல் சோதனை. செல்களுக்கு ஊற்றுகிற மீடியா சரக்கு வரவில்லை. கம்பெனிக்காரன் திங்கள் வரும் என்கிறான், செவ்வாய் வரும் என்கிறான். என் பங்குக்கு ஒரே ஒரு பாட்டில் மிச்சம். என்னிடம் மாரிச்செல்வியின் தட்டுகளும் இருக்கின்றன, எலும்பு ஆராய்ச்சிக்காக வைத்திருக்கிற புற்றுச் செல்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் பசி.

ஒரு செல்லுக்கு ஒரு பாட்டில் என்று சுவரில் எழுதி ஒட்டியதே நான்தான். ஆனால் சிலிண்டர்க்காரன் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டுபோய்விடுவேன் என்று. அந்த ஒரு பாட்டிலை வைத்தே இரண்டுக்கும் ஊற்றிவிட்டு ஓடினேன். ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. கை சுத்தமாக இருந்தால் போதும்.

சிலிண்டர் கிடைத்தது.

ஜூலை 3

என்ன வளர்ச்சி! தட்டு நிறைந்து அடுத்த தட்டுக்கு மாற்றினால் அதுவும் நிறைந்துவிடுகிறது. நயினார் சார் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "ஏ இசக்கி, உன் கைய இன்சூர் பண்ணி வைக்கணும்போல" என்றார். எல்லோருக்கும் உளுந்த வடை வாங்கிக் கொடுத்தார். நான் மூன்று தின்றேன்.

எப்சிபா வடையைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, குருத்தெலும்பு செல் இவ்ளோ வேகமா வளருமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். பொறாமை என்றால் எப்படிப்பட்ட பொறாமை. அவள் தட்டு இன்னும் பாதிகூட நிறையவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னவோ சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னதையெல்லாம் எழுதி வைக்க முடியுமா?

அவள் வடையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 5

இன்று சாரத்தில் விதைத்தேன். பஞ்சுக் காதின் மடிப்புகளிலெல்லாம் செல்கள் இறங்குகிற மாதிரி சொட்டுச் சொட்டாக விட்டேன். சாமி கும்பிட்டுவிட்டுத்தான் தொட்டேன்.

காதை வைக்க இன்குபேட்டரில் இடம் போதவில்லை. எப்சிபா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று இரண்டு நாள் லீவு. அவள் தட்டுகள் மேல் அடுக்கை அடைத்துக்கொண்டு கிடந்தன. சாரிடம் கேட்டேன். "உன்னது நல்லா இருக்கே, நீயே பாத்து முடிவு பண்ணு" என்றார். எடுத்து ப்ளீச்சில் கொட்டிவிட்டேன். எதற்கு இரண்டு?

போனில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இழுப்பாள்.

ஜூலை 8

எப்சிபா வந்தாள். இன்குபேட்டரைத் திறந்து பார்த்தாள், மூடினாள். சண்டை போடுவாள் என்று நினைத்து பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் பாட்டுக்குத் தட்டு கழுவப் போய்விட்டாள்.

ஜூலை 22

மோட்டார் காயில் போய்விட்டது. குடத்தில் தண்ணீர் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போச்சு. காது நன்றாக இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவருக்கு சார் அதைக் காட்டினார். என் பெயரைச் சொல்லித்தான் காட்டினார்.

ஆகஸ்ட் 4

காது மேல்விளிம்பில் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. சாரம் கரைய ஆரம்பித்திருக்கும். கரையத்தானே வேண்டும்.

ஆகஸ்ட் 7

இன்று இடுக்கியால் தொட்டேன். ஊறிய அப்பளம் மாதிரி இருக்கிறது. சாரம் கரைகிற இடத்தில் குருத்தெலும்பு இருக்க வேண்டும். அங்கே செல்கள் இருக்கின்றன, கூட்டம் கூட்டமாக இருக்கின்றன, ஆனால் ஒன்றையும் கட்டவில்லை. திருவிழாக் கூட்டம் மாதிரி சும்மா நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

எப்சிபா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள், "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது அந்தப் பிள்ளையோட செல்தானான்னு ஒரு டிஎன்ஏ டெஸ்ட் பாத்துருவோமா?"

"ஏட்டி, எனக்கு நீ சொல்லித் தாரியா? நான் இந்த வேலைக்கு வந்தப்ப நீ பாவாடை கட்டிட்டு அலைஞ்ச" என்று கத்தினேன்.

"சரிக்கா" என்று போய்விட்டாள்.

ஆகஸ்ட் 8

சாம்பிளை ஹைதராபாத்துக்குக் கூரியரில் அனுப்பினேன். சும்மா ஒரு நிச்சயத்துக்காகத்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 14

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. பித்தமாக இருக்கும்.

ஆகஸ்ட் 19

முடிவு வந்துவிட்டது. அது மாரிச்செல்வி இல்லை.

எலும்புப் புற்றுச் செல். நான் வளர்த்து வந்த அதே செல். ஒரு துளி அந்தப் பாட்டிலுக்குள் போயிருக்கிறது, பாட்டிலிலிருந்து அவள் தட்டுக்குள் போயிருக்கிறது. சாகாத செல் அது, வெறிபிடித்த மாதிரி பெருகும். அவளுடைய செல்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு மொத்தத் தட்டையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நான் வடை தின்றேன். கைராசியாம் கைராசி.

இந்தக் காதை அந்தப் பெண் தலையில் வைத்துத் தைத்திருந்தால்? அதற்கு முன் நூறு பரிசோதனை இருக்கிறது, வைத்திருக்க மாட்டார்கள்தான்.

எப்சிபாவின் தட்டில் இருந்ததுதான் நிஜச் செல். மெதுவாக வளர்ந்த அந்தச் செல்தான். என் கையாலேயே எடுத்துக் கொட்டினேன். அந்தச் சின்னச் சதைக்குள் இனி எடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார்.

ஆகஸ்ட் 20

சாரிடம் முடிவைக் காட்டினேன். நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "உன் கையில இப்படி நடக்காதே. எப்சிபா கை ஏதும் பட்டிருக்குமோ?" என்றார்.

இல்லை சார், நான்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொன்னது, "தெரியல சார்."

தெரியலையா எனக்கு? இதை எழுதும்போது முகம் எரிகிறது.

ஆகஸ்ட் 22

காதைப் பார்க்க மகளை ஒருநாள் கூட்டி வரட்டுமா என்று சண்முகத்தாய் முன்பே கேட்டிருந்தார். வர வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவும் மகளும் கோவில்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள். சார் கிளம்பி வெளியே போய்விட்டார். நான்தான் காட்ட வேண்டியதாயிற்று.

மாரிச்செல்வி முடியை வலது பக்கமாக இறக்கிப் பின்னியிருந்தாள். இன்குபேட்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று குனிந்து பார்த்தாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது, அவளே சுரிதார் நுனியால் துடைத்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மேடம், இது முழுசும் என்னோடதா?" என்று கேட்டாள்.

"உன்னோடதுதாம்மா" என்றேன்.

சண்முகத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும் டாக்டரம்மா. கரிசல்காட்டு வெள்ளரி" என்று ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். பை சமையல்கட்டில் கிடக்கிறது. தொட முடியவில்லை. சீ, என்ன பிறவி நான்.

ஆகஸ்ட் 26

சார் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "கேன்சர் செல்னு சொன்னா அந்தப் பிள்ளை பயந்து போயிரும். செல் பிடிக்கலன்னு சொல்லிருவோம். விலாவுல இருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து மறுபடி ஆரம்பிப்போம். நமக்கும் மானம் போகாது." அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண் பயப்படக் கூடாது என்று நிஜமாகவே நினைத்தார். நானும் தலையாட்டினேன். தலையாட்டும்போது அப்பாடா என்றிருந்தது. அதுதான் என்னை அறுக்கிறது.

போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, "நாலு நாள் முன்ன பாத்தீங்கல்ல, அதுக்கப்புறம் வாடிப்போச்சு. உங்க பொண்ணோட செல்லு சாரத்துல பிடிக்கலம்மா" என்றார் சார்.

சண்முகத்தாய், "அது அவ உடம்பு வாகு அப்படி சார். வயித்துல இருக்கும்போதே வளராதது, இப்பவா வளரப் போகுது? உங்களுக்குத்தான் வீண் சிரமம்" என்றார்.

எங்களிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

செப்டம்பர் 1

சண்முகத்தாய் என் நம்பருக்கே கூப்பிட்டார். விலாவில் எடுக்க நாள் குறித்துக் கொடுத்திருந்தார் டாக்டர். வர மாட்டோம் என்கிறார்.

"அவளே வேண்டாங்கா டாக்டரம்மா. எங்க இருந்து கீறி எடுத்தாலும் ஏஞ் செல்லு வளராதும்மா, அது அப்படித்தான் படைச்சிருக்குன்னு சொல்லுதா. ரெண்டு நாளா பள்ளிக்கூடத்துக்கும் போகல. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

அந்தப் பெண்ணின் உடம்பு மேல் பழி போட்டாயிற்று. அவளும் அதை நம்பிவிட்டாள். பிறந்ததிலிருந்து கண்ணாடியில் பார்த்த ஒன்றைத்தானே நாங்களும் சொன்னோம், ஏன் நம்ப மாட்டாள்?

பிறகுதான் நான் எப்சிபாவிடம் சொன்னது ஞாபகம் வந்தது. மறந்தால்தானே ஞாபகம் வர. அன்றைக்கு எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். வடைத் தட்டைச் சுற்றி அத்தனை பேர் நிற்கும்போது, "உங்கிட்ட எதுட்டி தங்கியிருக்கு, இது தங்குறதுக்கு?" என்று கேட்டேன். வைகாசியில் அவளுக்குக் கரு கலைந்தது. அது இரண்டாவது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

செப்டம்பர் 2

காலையில் முதலில் சாரிடம் போனேன். "எப்சிபா கை படல சார். ஒரே பாட்டில்ல ரெண்டுக்கும் ஊத்தினது நான். அன்னைக்குத் தெரியலன்னு சொன்னது பொய்" என்றேன். சார் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். "பிள்ளைட்ட நேர்ல சொல்லப் போறேன்" என்றதற்கு, "இசக்கி, இது உன்னோட மட்டும் முடியாது. எல்லாத்தையும் நிறுத்திருவாங்க" என்றார். நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. பதினாறு வருஷ வேலை. ஆனாலும் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் தடுக்கவில்லை.

எப்சிபா தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், ப்ளீச், சாரிடம் சொன்ன பொய். அன்றைக்குக் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நீங்க அன்னைக்குக் கேட்டத நான் எங்க வீட்டுக்காரர்ட்ட கூடச் சொல்லலக்கா" என்றாள். "சொன்னா அவங்க அம்மாவும் அதையேதான் சொல்லுதாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிரும்லா."

"மன்னிச்சிரு எப்சிபா."

"அத அப்புறம் பாப்போம். எப்ப போறீங்க அந்தப் பிள்ளைட்ட? நானும் வாரேன். உங்களுக்காக இல்ல."

செப்டம்பர் 6

ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸில் எப்சிபா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கோவில்பட்டியில் இறங்கி மினி பஸ் பிடித்துப் போனோம். எங்களைப் பார்த்ததும் சண்முகத்தாய் பதறிப்போய் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார், குடிக்கக் கலர் சோடா வாங்க ஆள் அனுப்பப் பார்த்தார். "ஒண்ணும் வேண்டாம்மா, முதல்ல நான் சொல்ல வந்தத சொல்லிருதேன்" என்று நின்றுகொண்டே இருந்தேன். மாரிச்செல்வி உள்ளே இருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடியை அவசரமாக வலது பக்கம் இழுத்துவிட்டாள்.

வழியெல்லாம் வேறு மாதிரி சொல்லிப் பார்த்திருந்தேன். அங்கே அதெல்லாம் வரவில்லை.

"மாரிச்செல்வி, உன் செல்லு பிடிக்கலன்னு சொன்னது பொய். உன் செல்லு வளந்துச்சு. இவ தட்டுல நல்லாவே வளந்துச்சு. மெதுவா வளருதுன்னு நான்தான் எடுத்துக் கொட்டிட்டேன். என் தட்டுல வேற செல்லு கலந்துபோச்சு, கேன்சர் செல்லு. அதுவும் என் தப்புதான். அன்னைக்கு நீ வந்து பாத்தியே, அது உன்னோடது இல்ல. தெரிஞ்சேதான் உன்னோடதுன்னு சொன்னேன். உன் உடம்புல ஒரு குறையும் இல்ல."

சண்முகத்தாய்க்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் குரல் உயர்ந்தது. "கொட்டிட்டீகளா? எம் புள்ளைய மேசைல படுக்கப் போட்டு அறுத்து எடுத்ததுல்லா அது! வலிக்கு வலிக்குன்னு ராப்பகலா கெடந்தா. அத எடுத்துக் கொட்டிட்டு, அவ செல்லு பிடிக்கலன்னு சொல்ல உங்களுக்கு எப்படி நாக்கு வந்துச்சு? நாங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணுனோம்?"

"தப்புதான்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது, ஓடிவிடலாம் என்றும் இருந்தது.

"யம்மா, சும்மா இரி" என்றாள் மாரிச்செல்வி. அவள் என்னைப் பார்க்கவில்லை, எப்சிபாவைப் பார்த்தாள். "நெசமாவே வளந்துச்சா?"

"வளந்துச்சு" என்றாள் எப்சிபா.

"எப்படி இருந்துச்சு?"

எப்சிபா போனை எடுத்தாள். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பிடித்த படங்கள் இருந்தன. எனக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. அந்தத் தட்டை நான் ஒருதடவைகூடச் சரியாகக் குனிந்து பார்த்தவள் இல்லை.

"இந்தா, உருண்டையா இருக்குல்ல, இப்படித்தான் இருக்கணும். இது முதல் வாரம். இது அதுக்கடுத்தது. இங்க பாரு, ஒண்ணு ரெண்டாப் பிரியுது. அவசரமே படாது. ஆனா ஒவ்வொண்ணும் தன்னைச் சுத்தி குருத்தெலும்பு கட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. இந்த வெளிச்சமா ஒரு வளையம் தெரியுதுல்லா, அதான்."

மாரிச்செல்வி போனை வாங்கிக்கொண்டாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். குனிந்தபோது முடி முன்னால் விழுந்தது, அதை எடுத்துச் செருகிக்கொண்டாள். அந்தப் பக்கம் காதில்லாமல் தெரிந்தது. அவள் கவனிக்கவில்லை. அவள் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ரொம்ப நேரம் கழித்து அவள் தலையை நிமிர்த்தினாள்.

"விலாவுல எடுத்தா ரொம்ப வலிக்குமாக்கா?"

"வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் எப்சிபா. "எங்க லேப்ல இதைத் தொடர விடுவாங்களான்னும் தெரியாது. விட்டா, நானே வளப்பேன்."

மாரிச்செல்வி போனை எப்சிபாவிடம் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். அதில் கோபம்கூட இல்லை.

"எடுத்துக்கோங்க. ஆனா இவங்க தொடக் கூடாது" என்றாள்.

"தொட மாட்டேம்மா" என்றேன்.